நாலாவது காம்பு

மேலப்பத்து
3-6-1966

அன்புள்ள வடிவுக்கு,

மதினி முருகம்மாள் எழுதுவது. இங்கே அத்தை, உன் அண்ணன், நான் மூவரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. உன் உடம்பு எப்படி? தாராவியில் மழை தொடங்கிவிட்டதா? சித்தி கோமதியம்மாளைக் கேட்டதாகச் சொல்.

நீ மாட்டு டாக்டரிடம் டைப் அடிக்கும் வேலையில் சேர்ந்ததை அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "எம்மவ பம்பாயில மாட்டு டாக்டராக்கும்" என்றே சொல்லிவிட்டாள். நான் திருத்தவில்லை. ஆனால் அதைக் கேட்டதிலிருந்து உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று இருக்கிறேன்.

செவலையைப் பற்றித்தான். நீ பம்பாய்க்கு ரயிலேறும்போது அது ஐந்து மாதக் கன்று. இப்போது மூன்றரை வயது. இன்றுவரை ஒரு தடவைகூடக் காளைக்குக் கத்தவில்லை. அதோடு பிறந்த கீழவீட்டுக் கிடாரி கன்று போட்டு மூன்று மாதம் ஆகிறது. அத்தை என்னைப் பார்த்து நேராக எதுவும் சொல்வதில்லை. தொழுவில் நின்று மாட்டிடம் சொல்கிறாள். "ஒன்னச் சொல்லிக் குத்தமில்லட்டி. தீவனம் வைக்கிற கை அப்பிடி."

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். உனக்குத் தெரியாதது இல்லை. சொரிமுத்து மாமா இந்த மாதம் இரண்டு தடவை வந்து போனார். அவர் மகளுக்கு இருபது வயது. எதற்கு வந்தார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தது நான்தான்.

செவலை கன்று போட்டால் இந்தப் பேச்சு கொஞ்சம் நிற்கும். உன் டாக்டரிடம் கேட்டு எழுது. கார்டில் எழுதிவிடாதே. கார்டு வந்தால் தபால்காரர் பிச்சையா மூன்று வாசலில் நின்று சத்தமாகப் படித்துவிட்டுத்தான் நம் வாசலுக்கு வருகிறார். கீழவீட்டுக்காரி முழுகாமல் இருந்த செய்தி அப்படித்தான் அவள் மாமியாருக்கு முன்னால் கிணற்றடிக்குத் தெரிந்தது. மூடின கடிதமே போடு. அத்தை என்னை வாசிக்கச் சொல்லித்தான் கேட்பாள். அவள் கேட்க வேண்டாததை நான் தாண்டிப் படித்துக்கொள்வேன்.

தை மாதம் கணேசபாண்டியன் வீட்டார் உன்னைப் பேச வருவதாகச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். அங்கேதான் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறானாமே. பார்த்திருக்கிறாயா?

உன் மதினி,
முருகம்மாள்


தாராவி
14-6-1966

அன்புள்ள மதினிக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். சித்திக்குத்தான் இருமல். மழை பத்தாம் தேதி தொடங்கியது. சந்தில் தண்ணீர் ஏறிவிட்டதால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெயின் ரோடு வரை வந்து, அங்கே கால் கழுவிக்கொண்டு கிங்ஸ் சர்க்கிள் ஆபீஸுக்கு நடக்கிறேன். அம்மையின் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

டாக்டர் ஜகந்நாதன் அதிகம் பேசாதவர். செம்பூர்ப் பக்கத்து எருமைத் தொழுவங்களுக்குப் போய்வந்து, மாலையில் குறிப்புச் சொல்வார். நான் டைப் அடிப்பேன். எல்லாம் கிடாரிகளைப் பற்றி. எந்தக் கன்று என்ன சாப்பிட்டது, எத்தனை மாதத்தில் பருவத்துக்கு வந்தது, முதல் ஈற்று எப்போது. ஐந்து வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்.

செவலையைப் பற்றிக் கேட்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. "இங்கேர்ந்து நான் எப்படிம்மா பாக்கறது?" என்றார். பிறகு, "ஒண்ணு பண்ணச் சொல்லு. முன்னங்காலுக்குப் பின்னாடி மார்பைச் சுத்தி ஒரு நூல் பிடிச்சு, சரியா வெட்டி அனுப்பட்டும். மாடு வயசைப் பார்த்துப் பருவத்துக்கு வராது. உடம்பைப் பார்த்துத்தான் வரும்" என்றார்.

ஆகவே நூல் அனுப்புங்கள். கெட்டியான நூலாக இருக்கட்டும். இறுக்கவும் வேண்டாம், தொங்கவும் வேண்டாம்.

சொரிமுத்து மாமாவைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். அண்ணன் என்ன சொல்கிறான்?

கணேசபாண்டியனைச் சித்தி வீட்டு விசேஷத்தில் ஒரு தடவை பார்த்தேன். கையில் கிரீஸ் போகாதவர். நான் வைத்திருந்த புத்தகத்தின் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான்.

செவலைக்கு நெற்றியில் அந்த வெள்ளைச் சுட்டி இன்னும் இருக்கிறதா?

இப்படிக்கு,
வடிவு


மேலப்பத்து
2-7-1966

அன்புள்ள வடிவுக்கு,

எல்லோரும் சுகம். சித்தியின் இருமலுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடு.

நூல் இதில் இருக்கிறது. பூக்கட்டும் நூல்தான், நான்கு இழையாக முறுக்கினேன். இதை அளந்த கதையைக் கேள். நான் மாட்டுக்கு அடியில் கையை விட்டு நூலை அந்தப் பக்கம் எடுக்கிறேன், அத்தை வந்துவிட்டாள். "என்னட்டி, மாட்டுக்கு ரவுக்கை தைக்கப் போறியா?" என்றாள். "வடிவு கேட்டிருக்கா அத்தை, டாக்டர் பாக்கணுமாம்" என்றேன். "நூலைப் பாத்து வைத்தியமா! அப்பம் எம் முழங்காலுக்கும் ஒரு நூலு வெட்டி அனுப்பு" என்றாள். வெகு நாளைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

சுட்டி இருக்கிறது. உன் பெயரைச் சொன்னால் காதை ஆட்டுகிறது என்று அத்தை சொல்கிறாள். யார் பெயரைச் சொன்னாலும் ஆட்டுகிறது.

உன் அண்ணன் என்ன சொல்கிறார் என்று கேட்டிருந்தாய். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முருகம்மாள்


தாராவி
13-7-1966

அன்புள்ள மதினிக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். சித்திக்கு இருமல் குறைந்துவிட்டது. உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லை. எழுதுங்கள்.

நூலை ஆபீஸ் மேஜையில் நீட்டி அளந்தேன். நாற்பத்தைந்து அங்குலம். ஒரு தடவைக்கு மூன்று தடவை அளந்தேன். டாக்டர் கணக்குப்படி நம் பக்கத்து மாட்டுக்கு இந்த வயதில் ஐம்பதைத் தாண்டியிருக்க வேண்டும். அவர் நூலை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டார்: "இது பிறந்து முதல் மூணு மாசம் எவ்வளவு பால் குடிச்சது? அதைக் கேட்டு எழுதும்மா. அங்கேதான் எல்லாம் இருக்கு."

அவர் சொல்வது இதுதான். கன்று பிறந்த முதல் சில மாதத்தில் வயிறு நிறையப் பால் கிடைக்காவிட்டால் அதன் வளர்ச்சி பின்தங்கிவிடும். புல் தின்னத் தெரிந்த பிறகு அது பிழைத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கர்ப்பப்பை முதலான உறுப்புகள் பருவமடைவது தள்ளிப்போகும். இரண்டரை வயதில் காளைக்குக் கத்த வேண்டியது நாலு வயதிலும் கத்தாது. அந்தக் குறைக்கும் இந்தத் தாமதத்துக்கும் இடையில் மூன்று வருஷம் கிடப்பதால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை என்றார். நான் அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

இந்தக் கேள்விக்கு வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.

வடிவு


மேலப்பத்து
30-7-1966

அன்புள்ள வடிவுக்கு,

சுகம். எனக்கும் சுகம்தான்.

உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்தேன். பால் கேள்வி வந்ததும் எழுந்துவிட்டாள். "யாரு கறந்தா? எம்மவ கறந்தா. மூணு காம்பு நமக்கு, நாலாவது காம்பு கன்னுக்கு. எங்க மாமியா காலத்துலேருந்து அதான் மொறை. வடிவு நாலாவது காம்பத் தொட்டிருப்பாளா? கன்னு வாய்ப் பாலை எடுக்கது கொலைபாதகம்லா!" என்றாள். நானும் அதையேதான் சொன்னேன். நீ கறந்து முடித்ததும் கன்றை அவிழ்த்துவிடுவதை நானே எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

அத்தோடு விட்டிருந்தால் சரி. உன் அண்ணன் சாப்பிட உட்கார்ந்ததும் அவரிடம் சொல்கிறாள்: "டாக்டரே சொல்லிட்டாருப்பா, கன்னா இருக்கையில கவனிப்புக் கொறைஞ்சிருக்குன்னு. வடிவு இருந்த மட்டுக்கும் கொறையில்ல. அவ போன பெறவு யாரு கையில வளந்துச்சு?" அவர் என்னைப் பார்த்தார். ஏதாவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்துவிட்டார்.

வடிவு, நீ போன பிறகு நான் ஒரு நாளும் அதைப் பட்டினி போட்டதில்லை. அதற்கு முன்னால், நீ இருக்கும்போதே, அது வயிறு ஊதி, மயிர் சிலிர்த்து நின்றபோது வாயைப் பிளந்து வேப்பிலைச் சாறு ஊற்றினேன். பூச்சி என்று நினைத்தோம். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேள்.

சீக்கிரம் பதில் போடு.

முருகம்மாள்


தாராவி
9-10-1966

அன்புள்ள மதினிக்கு,

வணக்கம். இரண்டு மாதத்துக்கு மேல் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். காய்ச்சலாக இருந்தது. இப்போது பரவாயில்லை. அம்மைக்கும் உங்களுக்கும் எப்படி இருக்கிறது?

டாக்டர் காத்திருக்கச் சொல்கிறார். மலடு என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, பசும்புல் மூன்றும் விடாமல் கொடுங்கள். ஒரு வருஷமாவது பார்க்க வேண்டும். புண்ணாக்குக்காக உங்கள் பெயருக்கே தனியாக மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் எதுவும் தவறாகச் செய்யவில்லை. இதை அம்மைக்குத் தாண்டாமல் வாசியுங்கள்.

போன வாரம் குறிப்பு எடுப்பதற்காக டாக்டரோடு செம்பூர்த் தொழுவம் ஒன்றுக்குப் போனேன். இருநூறு எருமைகள். இந்த ஊரில் அதைத் தபேலா என்கிறார்கள். கன்றுகள் கண்ணில் படவில்லை. கேட்டேன். பால்காரர் சிரித்தார். "பேட்டி, தூத் பேச்னா ஹை, பச்சா பால்னா நஹி" என்றார். மகளே, பால் விற்பதுதான் தொழில், கன்று வளர்ப்பது இல்லை என்று அர்த்தம். ஒரு மூலையில் வைக்கோல் திணித்த கன்றுத்தோல் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. கறக்கும் நேரத்தில் அதை எருமையின் முன்னால் கொண்டுபோய் வைக்கிறார்கள். எருமை அதை நக்குகிறது. மடி சுரக்கிறது. நக்கி நக்கி அந்தத் தோலின் ஒரு பக்கத்தில் மயிரே இல்லை.

குறிப்பில் நான் பாதியை விட்டுவிட்டேன். டாக்டர் மறுநாள் கேட்டுத் திரும்ப எழுதவைத்தார்.

மாட்டுங்காவில் ஒரு வாசகசாலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் உட்காருகிறேன். முன்பு மாதிரிப் படிக்க முடியவில்லை. ஒரே பக்கத்தில் நிற்கிறேன்.

வடிவு


மேலப்பத்து
20-11-1966

அன்புள்ள வடிவுக்கு,

நாங்கள் சுகம். காய்ச்சலுக்குப் பிறகு உடம்பைக் கவனித்துக்கொள். வாசகசாலைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி.

பணம் வந்தது. புண்ணாக்கை ஊறப்போட்டுத் தவிட்டோடு கலந்து வைக்கிறேன். உனக்குச் சொன்னால் நம்புவாயா தெரியவில்லை, செவலைக்கு மயிர் பளபளக்க ஆரம்பித்திருக்கிறது. முதுகெலும்பு தடவினால்தான் தெரிகிறது. என்னைக் கண்டால் கயிற்றை இழுக்கிறது. பழைய நூல் உன்னிடம் இருக்கிறது. இங்கே இருந்தால் சுற்றிப் பார்த்து எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரிந்துகொள்வேன்.

ஒரு சங்கடம். ஒரு வருஷம் காத்திருக்க டாக்டர் என்ன காரணம் சொன்னார் என்று அத்தை கேட்கிறாள். "கொறையே இல்லாத மாட்டுக்கு எதுக்கு ஒரு வருசம்? தவங்கிடக்கதுக்கா?" என்கிறாள். கடிதத்தை நான் நாலு தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். நீ காரணம் எழுதவில்லை. எழுது. எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் வேண்டும்.

முருகம்மாள்


மேலப்பத்து
22-1-1967

தங்கை வடிவுக்கு அண்ணன் தளவாய் எழுதிக்கொண்டது.

அம்மை நலம். ஊரெல்லாம் எலெக்‌ஷன் சத்தம். உன்னிடமிருந்து மூன்று மாதமாகக் கடிதம் இல்லாததால் அம்மை கவலைப்படுகிறாள்.

போன வாரம் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் ஜம்பு வந்து செவலையைப் பார்த்தார். உன் டாக்டர் கேட்ட கேள்வியைத்தான் அவரும் கேட்டார். கன்றில் பால் குறைந்ததா என்றார். குறையவே இல்லை, என் தங்கை கறந்தாள் என்றேன். அப்படியானால் பிறவியிலேயே கர்ப்பப்பையில் கோளாறு, வைத்திருந்து பயனில்லை என்று சொல்லிவிட்டார். ஆகவே பிப்ரவரி பதின்மூன்று திங்கட்கிழமைச் சந்தையில் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன். தரகர் பஞ்சு வந்து பார்த்துப் போனார். அடிமாட்டுக்குத்தான் போகும். எனக்கும் மனசு இல்லை.

இன்னொன்று. அம்மை சொரிமுத்து மாமாவுக்கு வாக்குக் கொடுக்கச் சொல்லி நிற்கிறாள். மாடு போனதும் அந்தப் பேச்சை முடித்துவிட வேண்டும் என்கிறாள். முருகு ஒன்றும் சொல்லவில்லை. நீ படித்தவள். நீ என்ன சொல்கிறாய்?

கணேசபாண்டியன் வீட்டார் வந்து பேசிவிட்டார்கள். எல்லாம் திருப்தி. சித்திரையில் வைத்துக்கொள்ளலாம்.

தளவாய்


தாராவி
29-1-1967

அன்புள்ள மதினிக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

இதை அண்ணனுக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். நான்கு தாள் கிழித்தேன். அவனுக்கு எழுத எனக்கு வரவில்லை. ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். முழுவதையும், ஒரு வரி தாண்டாமல், அம்மையும் அண்ணனும் இருக்கும்போது வாசியுங்கள்.

செவலை குடிக்க வேண்டிய பாலை நான் எடுத்தேன்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் சார் எனக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அது பொய். யாரும் யாருக்கும் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று காம்பையும் வீட்டுப் பானையில் கறந்துவிட்டு, நாலாவதை ஒரு செம்பில் கறந்து வைக்கோலுக்குள் வைப்பேன். பிறகுதான் கன்றை அவிழ்ப்பேன். நீங்கள் பார்த்தது அதைத்தான். கன்று முட்டிக்கொண்டிருக்கும். குடிக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். வெறும் மடியை முட்டிக்கொண்டிருந்தது. தாய்மாடு அதைப் பார்க்காது, திரும்பி என்னைப் பார்க்கும். இன்ஸ்டிட்யூட் போகும் வழியில் காப்பிக்கடையில் செம்பைக் கொடுத்துவிட்டுப் போவேன். மார்கழி முதல் வைகாசி வரை. பரீட்சை எழுதி, பாஸாகி, ரயிலேறினேன். இந்த வேலை, இந்த டைப்ரைட்டர், உங்களுக்கு அனுப்பிய மணியார்டர் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

ஜூலையில் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோதே பதில் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உங்களைக் கேட்டு எழுதச் சொன்னேன். அம்மை ஏதாவது சந்தேகப்பட்டிருப்பாள், அவள் வாயால் வரட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. அவள் என்மேல் சந்தேகப்படவில்லை. உங்கள்மேல் பட்டாள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு டாக்டரிடம், "பால் குறையவில்லையாம் சார்" என்று சொன்னேன். "அப்போ அது பிறவிக் கோளாறு, வெச்சிருந்து பிரயோஜனம் இல்லே" என்றார். ஜம்பு சொன்னது போலவே. அதை நான் உங்களுக்கு எழுதவில்லை. ஒரு வருஷம் காத்திருக்கச் சொன்னது அவர் இல்லை, நான். அவருடைய ரிப்போர்ட்டுகளை டைப் அடித்துத் தெரிந்துகொண்டதை அவர் பெயரில் எழுதினேன். எனக்குக் காய்ச்சலும் வரவில்லை.

நேற்று அவரிடம் உண்மையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை ஜூலையிலேயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பிறகு, "அது மலடு இல்லே. தாமதம். தீனி ஏறியிருந்தா இந்த வருஷமே வந்துடும்" என்றார்.

மாட்டை விற்க வேண்டாம். உங்கள் கையில் குறை ஒன்றும் இல்லை. அது என் கை.

வடிவு


ஆலங்குளம்
15-2-1967

அன்புள்ள வடிவுக்கு,

நான் என் அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்று உன் அண்ணன் கொண்டுவந்து விட்டுப் போனார். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. உன் உடம்பு எப்படி?

உன் கடிதம் ஆறாம் தேதியே வந்துவிட்டது. அத்தை முன்னால் உட்கார்ந்துகொண்டு வாசி என்றாள். எல்லாப் பக்கத்தையும் கண்ணால் ஓட்டிவிட்டு, "எல்லாரும் சொகமாம், மாட்ட விக்காண்டாமாம்" என்று வாசித்தேன். "இம்புட்டு நீளக் கடுதாசில இவ்வளவுதானா?" என்றாள். ஆமாம் என்றேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. போட்டுவிட்டேன்.

நீ கோபப்படுவாய். கொஞ்சம் யோசித்துப் பார். கன்று வாய்ப் பாலைத் திருடினவள் என்று தெரிந்தால் கணேசபாண்டியன் வீட்டார் சித்திரைக்கு வருவார்களா? உன் புத்தகத்தின் பெயரைக் கேட்டவன் என்று எழுதியிருந்தாயே. அப்படிக் கேட்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அது மட்டும் இல்லை. மாட்டுக்குக் காரணம் கிடைத்துவிட்டால் அத்தை என் வயிற்றுக்கு ஒரு காரணம் கேட்பாள். அதற்கு என்னிடம் கடிதம் எதுவும் இல்லை.

செவலையை வாயால் சொல்லியே நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை விடிந்ததும் தண்ணீர் காட்டப் போனேன். வாலில் பருவத்துக்கு வந்த மாட்டின் வழும்பு கண்ணாடி மாதிரி தொங்கியது. தண்ணீரில் வாய் வைக்கவில்லை. தெருவைப் பார்த்து ஒரு கத்துக் கத்தியது. என் காதால் கேட்டேன், வடிவு. ஓடிப்போய்ச் சொன்னேன். அத்தை, "சந்தைக்குப் போற அன்னைக்குத்தான் ஒனக்குக் கத்திச்சாக்கும்? போன வருசமெல்லாம் ஊமையாவா கெடந்துச்சு?" என்றாள். உன் அண்ணன் வந்து பார்ப்பதற்குள் அது வாலைத் தொடையில் தேய்த்துவிட்டது. பஞ்சு கயிற்றை மாற்றிக்கொண்டே, "வீட்டை விட்டுப் போற மாடு எல்லாந்தான் கத்தும் தாயி" என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் ஒரு நாள் பொறுத்திருப்பார்கள். சொன்னது நானாகிவிட்டது.

பஞ்சு கயிறு மாற்றும் நேரத்தில் ஒரு நூல் சுற்றி எடுத்தேன். இதில் வைத்திருக்கிறேன். உன்னிடம் பழையது இருக்கிறதல்லவா, இரண்டையும் சேர்த்துப் பார்.

ஒன்று மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு அதன் வாயைப் பிளந்து வேப்பிலைச் சாறு ஊற்றினேனே. என் விரலைச் சப்பியது. கசப்புக்காக நாக்கைச் சுழற்றுகிறது என்று நினைத்தேன். அதற்குப் பசி.

நீ ஒன்றும் செய்யாதே. நடந்தது நடந்துவிட்டது. இந்த விலாசத்துக்குப் பதில் போட வேண்டாம். இங்கே படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய.

உன் மதினி,
முருகம்மாள்


(கார்டு)

தாராவி
21-2-1967

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மைக்கும் உனக்கும் வணக்கம். மூடின கடிதத்தில் எழுதினால் நின்றுவிடுகிறது. அதனால் கார்டில் எழுதுகிறேன். பிச்சையா அண்ணாச்சி, வழக்கம்போலச் சத்தமாகவே படியுங்கள். கிணற்றடியிலும் படியுங்கள்.

செவலை கன்றாக இருந்தபோது அதற்கு விட வேண்டிய நாலாவது காம்பை ஐந்து மாதம் கறந்து விற்றது நான், வடிவு. மதினி இல்லை. அது பருவத்துக்கு வராததற்கு அதுவே காரணம் என்று டாக்டர் சொல்கிறார். மதினி தீனி போட்ட பிறகு மார்பு ஆறரை அங்குலம் கூடியிருக்கிறது. இரண்டு நூலும் என்னிடம் இருக்கின்றன. சந்தைத் திங்கட்கிழமை அது காளைக்குக் கத்தியது உண்மை. மதினி சொன்னது உண்மை.

இதைக் கணேசபாண்டியன் வீட்டாரும் தெரிந்துகொள்ளட்டும்.

ஆலங்குளத்துக்குப் போய் மதினியை அழைத்து வா. செவலையை எந்தப் பக்கம் கொண்டுபோனார்கள் என்று பஞ்சுவிடம் கேட்டு

இடம் இல்லை.

வடிவு